வயலை ஈடு வைக்க வேண்டாம்

அம்மா,

மகனின் மேற்படிப்பைப் பற்றிக் கேட்க நீங்களும் அவனும் வந்துபோன பிறகு யோசித்ததை எழுதியே தருகிறேன், வீட்டில் எல்லோரும் வாசிக்கட்டும். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதவில்லை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் கிடைக்கவில்லை. கவலை நியாயமானது. ஆனால் கனடாவில் இருக்கும் உங்கள் அண்ணா சொன்னார் என்பதற்காக, கொழும்பில் வெளிநாட்டுப் பட்டம் படிக்க வைக்க கொக்கட்டிச்சோலை வயலை ஈடு வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கட்டணத்தோடு முடியாது, அறை வாடகை, சாப்பாடு, அதற்கு மேல் வட்டி. பட்டத்தின் பெயரைக் கேட்டுச் சொந்தக்காரர் சந்தோஷப்படுவார்கள். தவணை கட்டுகிற நாளில் ஒருவரும் வர மாட்டார்கள்.

அரச வேலையும் வங்கி வேலையும் உங்களுக்குத் தெரிந்தவைதான். யாரும் பேசாத ஒன்று, சுயாதீனக் கணக்காளர் தொழில்.

மட்டக்களப்பு நகரத்தில் நாலு பேர் வேலை செய்யும் ஒரு ஹார்ட்வெயார் கடையை எடுங்கள். ஒருவருக்குச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதம் 3,200, முதலாளியின் 12 வீதம் 4,800, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியின் 3 வீதம் 1,200. மொத்தம் 9,200 ரூபாய் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான கணக்குக்கு நவம்பர் 30க்குள் வருமான வரி விவரத்திரட்டு. கடன் கேட்டுப் போனால் வங்கி, சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை கேட்கும். முதலாளியிடம் இருப்பதோ ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் பில்லும் காசோலை அடிக்கட்டைகளும். அவற்றை வங்கிக் கூற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விடுபட்ட காசோலையைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க அரிசி ஆலைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் தயார். பத்துப் பதினைந்து இடங்கள் சேர்ந்தால் ஊரிலிருந்தே பிழைக்கலாம்.

வழி இதுதான். ஏ.ஏ.ரி எனும் கணக்கியல் தொழிற்பரீட்சைகளைத் தமிழில் எழுதலாம். கூடவே நகரத்தில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் உதவியாளராகச் சேரட்டும். சம்பளம் குறைவுதான், அங்கே கிடைக்கும் பழக்கம் வகுப்பில் கிடைக்காது. எக்செல் கை ஓட வேண்டும், ஆங்கிலத்தில் கடிதம் எழுத வர வேண்டும். ஓர் எல்லையும் உண்டு: கம்பனிகளின் கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்திட பட்டயக் கணக்காளர் போன்ற தகுதி வேண்டும். அந்தப் பரீட்சைகளை உழைத்துக்கொண்டே பின்னர் எழுதலாம். முதல் இரண்டு மூன்று வருடம் வருமானம் மெதுவாகத்தான் வரும்.

மகன் கூத்துக் குழுவோடு திரிகிறான் என்று நீங்கள் குறையாகச் சொன்னதற்கு வருகிறேன். மத்தளத்துக்குத் தோல் மாற்றிய செலவு, உடுப்பு வாடகை, ஊரில் யார் எவ்வளவு தந்தார்கள் என்று அந்தக் குழுவின் கணக்கை எழுதி வைத்திருப்பவன் உங்கள் மகன். கொப்பியைக் காட்டினான், ஒரு வரி அடித்தல் திருத்தல் இல்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பணத்தை அவனிடம் நம்பிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தொழிலுக்கு முதல் தேவை அந்த நம்பிக்கைதான். வேலை நெருக்குவது மாத முடிவிலும் நவம்பரிலும்; வைகாசிச் சடங்குக் காலத்தில் அவன் கூத்துக் களரியில் நிற்கலாம். கூத்தை விடச் சொல்லி அவனை வற்புறுத்தாதீர்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு உதவ மனமிருந்தால், ஒரு மடிக்கணினியும் ஏ.ஏ.ரி பதிவுக் கட்டணமும் கேளுங்கள். ஈட்டுப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்து வைக்க வேண்டாம்.