ரத்தத்தில் இயோசினோஃபில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). ரிப்போர்ட்டில் இயோசினோஃபில் 4%. ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவையா?

இயோசினோஃபில் என்பது ஒரு வகை வெள்ளணு. சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். வெள்ளணுக்கள் 8,000 என்றால் 4% என்பது 320. 5,000 என்றால் வெறும் 200. மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்து, மூச்சுத்திணறலும் அடிக்கடி முற்றினால், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளோடு ஸ்டீராய்டையும் சேர்ப்பதில் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். 100க்குக் கீழே பலன் சொற்பம், நிமோனியா அபாயம்தான் மிச்சம். இடைப்பட்டவர்களுக்கு எத்தனை தடவை முற்றியது, முன்பு நிமோனியா வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. எண்ணிக்கை 20தான். அப்படியானால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

கூடாது. மேலே சொன்ன கணக்கு சிஓபிடிக்கு. ஆஸ்துமாவில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் அஸ்திவாரம். அது சரி, ரத்தம் கொடுத்த அன்று பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா?

அவரே: ஆமாம், நான்காவது நாள்.

அதுதான் விஷயம். அந்த மாத்திரை சில மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து இயோசினோஃபிலைத் துடைத்துவிடும். நீங்கள் அளந்தது நோயை அல்ல, மாத்திரையை.

கேள்வி: எனக்கு 7% இருக்கிறது, ஆபத்தா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு கணக்கு? இயோசினோஃபில் ஏறினால் பூச்சி மாத்திரை போட்டால் போதும்.

பாதி உண்மை. குடல்புழுக்களால் எண்ணிக்கை ஏறும். அதிலும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அது உடலெங்கும் பரவி உயிருக்கே உலை வைக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் சோதிக்க வேண்டும். ஆனால் இழுப்பு வந்தவர்கள் எல்லோருக்கும் புழுதான் காரணம் என்பதை ஏற்க முடியாது.

அவரே: என் தம்பிக்கு 900 இருந்தது. பூச்சி மாத்திரை போட்ட வாரமே 150!

கூடவே வேறு ஏதாவது சாப்பிட்டாரா?

அவரே: வீசிங்குக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு...

பிறகென்ன!

கேள்வி: சிஓபிடி முற்றும்போது சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்ப்பது உதவுமா?

உதவும். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், விரல்நுனி ரத்தத்தில் சிஆர்பி பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் 77 சதவீதத்திலிருந்து 57 ஆகக் குறைந்தார்கள். அதனால் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு ஒமாலிசுமாப் ஊசி போட்ட பிறகு ஐஜிஇ (ஒவ்வாமையில் பங்குள்ள எதிர்ப்பொருள்) இன்னும் ஏறிவிட்டது. மருந்து தோற்றுவிட்டதா?

இல்லை. அந்த ஊசி ஐஜிஇயைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மொத்த அளவு கூடித்தான் தெரியும். இனி அதைப் பார்க்காதீர்கள்.

ஆஸ்துமாக்காரர்: நான் மறுபடி எப்போது எடுக்கலாம்?

மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து, உடம்பு நிலையாக இருக்கும்போது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். ஒரே நாளுக்குள்ளும் இது ஏறி இறங்கும். கடைசி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட தேதியை ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இன்ஹேலரை நிறுத்திவிடவில்லையே?