நாடி தாளம் தப்பினால் மூளைக்கு ஏன் ஆபத்து? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடிப்பதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். டாக்டர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள். இதற்குத் தரும் உறைதடுப்பு மாத்திரைகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கவலைதான் திரும்பத் திரும்ப வருகிறது: "இந்த மாத்திரையால் ரத்தம் கொட்டிவிடுமோ?" மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

வயது 68. பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. ஈ.சி.ஜி.யில் ஏ.எஃப். என்று வந்தது. பல வருடங்களாக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன். அதுவே ரத்தத்தை நீர்க்கச் செய்யும்தானே, எதற்கு இன்னொரு மாத்திரை?
- வாசகர், திருநெல்வேலி

முதலில் ஒரு திருத்தம். இந்த மாத்திரைகள் எதுவும் ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. மோரில் தண்ணீர் விடுகிற கதை அல்ல இது. ரத்தம் உறையும் வேகத்தைக் குறைக்கின்றன, அவ்வளவுதான்.

ரத்தம் இரண்டு விதமாகக் கட்டியாகும். வேகமாக ஓடும் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்தால் அங்கே தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆஸ்பிரின் தட்டணுக்களைத்தான் தடுக்கிறது. ஏ.எஃப்.பில் நடப்பது வேறு. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை ஒன்று இருக்கிறது. மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கிவிடும். ஓடும் வாய்க்காலில் பாசி பிடிக்காது, தேங்கிய குட்டையில்தான் பிடிக்கும். அங்கே ஃபைப்ரின் என்ற நார்ப்பொருள் வலைபின்னிக் கட்டி உருவாகிறது. வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப்.பில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் இந்தப் பையில்தான். அது பெயர்ந்தால் நேராக மூளைக்குப் போகும். கட்டி பெரியது, ஆகவே பெரிய குழாயை அடைக்கும். அதனால்தான் ஏ.எஃப்.பால் வரும் பக்கவாதம் மற்றவற்றைவிட மோசமாக முடிகிறது.

இந்த நார்வலைக்கு எதிராக ஆஸ்பிரின் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாத வாய்ப்பை அது ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே அதிகம். பழைய உறைதடுப்பு மாத்திரையான வார்ஃபரின் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. "ஆஸ்பிரின் பத்திரமாச்சே" என்பதும் சரியில்லை. 2011இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் கொடுக்க முடியாத சுமார் 5,600 பேருக்கு அபிக்சபான் என்ற புதுவகை உறைதடுப்பு மாத்திரை அல்லது ஆஸ்பிரின் தரப்பட்டது. பக்கவாதம் போன்ற அடைப்புகள் ஆஸ்பிரின் பிரிவில் ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்சபான் பிரிவில் 1.6. பெரிய ரத்தக்கசிவு முறையே 1.2, 1.4. அதாவது கசிவு ஏறக்குறைய சமம், பலன் இரண்டு மடங்குக்கு மேல்.

பக்கவாத அபாயத்துக்கு டாக்டர்கள் ஒரு புள்ளிக் கணக்குப் போடுவார்கள். அதில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். வயது 65 முதல் 74க்குள் இருந்தால் 1, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1. மொத்தம் 3. இதயச் செயலிழப்புக்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் தலா 1, 75 வயதைத் தொட்டால் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2 என்று சேரும். 2 அல்லது அதற்கு மேல் வந்தாலே உறைதடுப்பு மாத்திரை வேண்டும். பெண்களுக்குத் தனியாக 1 கூட்டும் வழக்கத்தை ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல் விட்டுவிட்டது. ஸ்டென்ட் போன்ற வேறு காரணம் இல்லையென்றால், புது மாத்திரை தொடங்கும்போது ஆஸ்பிரினை நிறுத்தலாமா என்றும் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் கசிவு கூடும்.

அப்பாவுக்கு வயது 78, எடை 56 கிலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. அபிக்சபான் 2.5 மி.கி. காலை, இரவு தருகிறோம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதையும் நிறுத்திவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
- வாசகி, கும்பகோணம்

நிறுத்துவதைப் பிறகு பேசுவோம். அளவே எனக்கு இடிக்கிறது. அபிக்சபானின் வழக்கமான அளவு 5 மி.கி., இரண்டு வேளை. அதைப் பாதியாக்க மூன்று காரணங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்: வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல். அப்பாவுக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. வயதானவராயிற்றே என்ற பயத்தில் அளவைக் குறைப்பது பரவலாக நடக்கிறது; காப்பு குறைகிறதே தவிர, ரத்தக்கசிவு அதற்கேற்பக் குறைவதில்லை. டாக்டருக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

விழுவதைப் பற்றி 1999இல் ஒரு கணக்குப் போட்டார்கள். விழுந்து மண்டைக்குள் கசியும் அபாயம் வார்ஃபரினின் பலனை மிஞ்ச வேண்டுமானால், ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். கணக்குக் கணக்குதான், ஆனாலும் முதியவர்களிடமிருந்து மாத்திரையைப் பிடுங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. குளியலறையில் கைப்பிடி வையுங்கள், இரவில் விளக்கு எரியட்டும். தூக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எழுந்து நின்றதும் பி.பி. இறங்குகிறதா என்று பாருங்கள். தலையில் அடிபட்டால் மட்டும், ஆள் நன்றாகத் தெரிந்தாலும் அன்றே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

வயது 44. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, ஏ.எஃப்.பும் உண்டு. அசிட்ரோம் சாப்பிடுகிறேன். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு அலைய முடியவில்லை. டெஸ்ட் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறலாமா? முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டுமா?
- வாசகி, தர்மபுரி

மாற வேண்டாம். ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற பழைய மருந்துதான் சிறந்தது. ருமாட்டிக் இதய நோயுடன் ஏ.எஃப். உள்ள நாலாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. பழைய வகை மருந்து சாப்பிட்டவர்களைவிட, புதுவகை மாத்திரையான ரிவரோக்சபான் சாப்பிட்டவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. ரத்தக்கசிவிலும் குறிப்பிடும்படி லாபமில்லை. அலைச்சல் நிஜம்தான், ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்குப் பலன் இருக்கிறது.

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அந்தப் பரிசோதனை காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். 2க்குக் கீழே இறங்கினால் கட்டி பிடிக்கும், 4ஐத் தாண்டினால் கசிவு அபாயம் வேகமாக ஏறும். அசிட்ரோமில் இருக்கும் அசினோகுமரால் வார்ஃபரினைவிடச் சீக்கிரம் உடம்பை விட்டுப் போகும். ஒருநாள் தவறினாலே அளவு ஆடும். மாலை 6 மணி போல ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். காலையில் டெஸ்ட் எடுத்தால் அன்று மாலையே அளவை மாற்ற முடியும். மருந்துக் கடையில் பெயரோடு மில்லிகிராமையும் படித்து வாங்குங்கள். 1, 2, 3, 4 மி.கி. என்று தனித்தனியாக வருவதால் அட்டை மாறிப்போவது அடிக்கடி நடக்கும் பிழை.

கீரையை விட வேண்டாம். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே மிக அதிகம். இந்த மருந்து வேலை செய்வதே அந்த வைட்டமினை மடக்கித்தான். சிக்கல் கீரையில் இல்லை, ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. வாரம் இரண்டு முறை ஒரு கரண்டி என்றால் வாராவாரம் அப்படியே இருக்கட்டும், அதற்கேற்ப மருந்தின் அளவு அமைந்துவிடும். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, ஆடி மாதம் தோட்டத்தில் தழைத்தது என்று நாலு நாள் தொடர்ந்து சமைத்தால் ஐ.என்.ஆர். இறங்கும்.

கீரையைவிட எனக்குப் பயம் மற்ற மாத்திரைகள்தான். வயிற்றுப்போக்குக்கும் பல் வீக்கத்துக்கும் சர்வசாதாரணமாகத் தரும் மெட்ரானிடஸோல், சிறுநீர்த் தொற்றுக்கான கோ-டிரைமாக்சசோல், படை, பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் மூன்றும் ஐ.என்.ஆரைச் சில நாட்களில் எகிற வைக்கும். வேறு வழியில்லாமல் சாப்பிட்டால் மூன்றாம் நாள், நான்காம் நாள் டெஸ்ட் எடுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கிவிடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வேண்டாம். பாராசிட்டமால் ஓரிரு நாளைக்குப் போதும். காய்ச்சல் என்று போனதும் இடுப்பில் ஊசி போட வந்தால், "அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்க வேண்டும். டபிகாட்ரான் 150 சாப்பிடுகிறேன். ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார் பல் டாக்டர்.
- வாசகர், ஈரோடு

ஐந்து நாள் என்பது வார்ஃபரின் காலத்துப் பழக்கம். புதுவகை மாத்திரையான டபிகாட்ரானின் பாதிச் சக்தி, சிறுநீரகம் நன்றாக இருந்தால், அரை நாளில் போய்விடும். இரண்டு நாள் விட்டாலே காப்பு ஏறக்குறைய தீர்ந்தது; மீதி மூன்று நாளும் குட்டையில் பாசி பிடிக்க விட்ட நாட்கள்.

சாதாரணமாக ஒன்று முதல் மூன்று பல் பிடுங்க மருந்தை நிறுத்தவே தேவையில்லை. எலும்பை வெட்டி எடுக்கும் பல் என்றால் அன்றைய காலை வேளையை மட்டும் விடலாம். காலை நேரமாக, வாரத் தொடக்கமாகப் பார்த்துப் போங்கள். கசிந்தால் திரும்பிப் போக டாக்டர் இருப்பார். தையல் போட்டு, பஞ்சை 20, 30 நிமிடம் விடாமல் கடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் நிற்காது. ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் 500 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணீரில் கரைத்தால் 5 சதவீதக் கரைசல். பல் டாக்டர் சொன்னால் அதை இரண்டு நிமிடம் வாயில் வைத்துத் துப்பலாம், நாளைக்கு நான்கு முறை, இரண்டு நாள். கசிவு நின்றிருந்தால் இரவு வேளை மாத்திரை வழக்கம்போல.

டபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரித்துச் சாப்பிடக் கூடாது, மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறும். ஈரம் பட்டால் கெடும் என்பதால் அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கவும் வேண்டாம்.

ஏ.எஃப். எனக்கு எப்போதாவதுதான் வருகிறது, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. அப்போதும் தினமும் மாத்திரையா?
- வாசகர், சேலம்

ஆமாம், மேலே சொன்ன கணக்கில் 2 வந்தால். வந்து போகிற ஏ.எஃப்.பிலும் கட்டி பிடிக்கும், உங்களுக்குத் தெரியாமல் வந்து போனவையும் இருக்கும். தாளம் தப்பவைக்கும் இடங்களைக் குழாய் வழியாகச் செயலிழக்க வைக்கும் அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இதே பதில்தான்: குறைந்தது இரண்டு, மூன்று மாதம் எல்லோருக்கும் மாத்திரை, அதன்பின் அந்தக் கணக்கின்படி.

ஸ்டென்ட் வைத்து 14 மாதம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், ரிவரோக்சபான் மூன்றும் ஓடுகின்றன. ஈறில் ரத்தம் வருகிறது.
- வாசகர், வேலூர்

மூன்றும் சேர்ந்து பொதுவாக முதல் ஒரு வாரம், அதிகம் போனால் ஒரு மாதம். பிறகு, ஆஸ்பிரினைப் போலத் தட்டணுக்களைத் தடுக்கும் க்ளோபிடோக்ரலும் உறைதடுப்பு மாத்திரையும். ஓராண்டு கடந்தால் பெரும்பாலானவர்களுக்கு உறைதடுப்பு மாத்திரை மட்டும் போதும். ஜப்பானில் நடந்து 2019இல் வெளியான அஃபையர் ஆய்வில் ரிவரோக்சபானை மட்டும் சாப்பிட்டவர்களுக்கே கசிவும் இறப்பும் குறைவு. உங்கள் சீட்டை யாரோ புதுப்பிக்க மறந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள்; அதுவரை எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டும் பக்கவாதம் வந்தால் என்ன செய்வது?
- வாசகி, மதுரை

வரலாம், வாய்ப்புக் குறைகிறதே தவிர அற்றுப்போவதில்லை. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் தெரிந்ததும் 108ஐ அழையுங்கள். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். உள்ளே அடைப்பா, கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி வேளை எத்தனை மணிக்கு, கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நன்றாக இருந்தார்? டாக்டருக்கு முதலில் வேண்டியவை இந்த இரண்டு நேரங்கள்தான்.

காரணம் உண்டு. கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஐ.என்.ஆர். 1.7க்கு மேல் இருந்தாலோ, கடந்த 48 மணி நேரத்தில் புதுவகை மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ பொதுவாக அதைப் போட மாட்டார்கள். டபிகாட்ரானுக்கு மட்டும் இடாருசிஸுமாப் என்ற முறிமருந்து கொடுத்துவிட்டுப் போட வழியுண்டு. ஆனால் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சைக்கு இந்த மாத்திரைகள் தடையில்லை. தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆகவே அந்த வசதியுள்ள மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

ரிவரோக்சபான் 20 மி.கி. இரவு சாப்பிடுகிறேன். சஷ்டி விரதத்தன்று?
- வாசகி, திருச்செந்தூர்

வெறும் வயிற்றில் அந்த 20 மி.கி.யில் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேரும், சாப்பாட்டோடு என்றால் ஏறக்குறைய முழுவதும். ஒருவேளை உணவு விரதமானால் மாத்திரையை அந்த வேளைக்கு நகர்த்துங்கள், மறுநாள் பழைய நேரத்துக்கு வந்துவிடலாம். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்றால், விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அபிக்சபானுக்குச் சாப்பாட்டு நிபந்தனை கிடையாது.