தொங்கும் தொட்டியில் வைத்த டேபிள் ரோஸ் நீளமாகப் படர்கிறது, ஆனால் பூக்கவில்லை, அடித்தண்டும் அழுகுகிறது. ஏன்?

தண்டையார்பேட்டை வீட்டில் சன்ஷேடுக்குக் கீழே மாட்டி, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன் என்கிறீர்கள். கோளாறு அந்த இரண்டிலும்தான்.

பத்துமணிப் பூ என்கிற இந்தச் செடி தென் அமெரிக்காவின் வறண்ட மணல்வெளிகளைச் சேர்ந்தது. இலையையும் தண்டையும் கிள்ளிப் பாருங்கள், நீர் கசியும். குடிக்க வேண்டியதை உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். நிழலில் வைத்தால் வெளிச்சத்தைத் தேடி நீளுமே தவிர மொட்டு விடாது. குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். நம்ம ஊர் மே மாத மொட்டை மாடி அதற்குச் சொர்க்கம், நமக்குத்தான் நரகம்.

விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலக்கலாம். பக்கத்தில்தானே காசிமேடு என்று கடற்கரை மணலை அள்ளி வந்துவிடாதீர்கள், உப்பு வேரைக் கெடுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்து தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால், மழைநீர் கிடைக்கும்போது மண்ணை நன்றாக அலசி விடுங்கள்.

அழுகிய செடியைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். நல்ல நுனிகளை நான்கு விரல் நீளத்துக்கு ஒடித்து, அடி இலைகளை உருவி, ஈர மணலில் செருகினால் போதும், ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். நுனி கிள்ளக் கிள்ளக் கிளை அடர்ந்து தொட்டியைச் சுற்றி வழியும். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். ஐப்பசி அடைமழைக்கு மட்டும் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்துங்கள்.