அப்பாவுக்கு வருமான வரி சம்மன்: யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் அப்பா மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். சீசனில் வெளியூர் வியாபாரிகள் தரும் ரொக்கத்தை வங்கியில் போட்டு, விவசாயிகளுக்கு எடுத்துக் கொடுப்பார். அப்படிப் போட்ட 38 லட்சத்துக்கு விளக்கம் கேட்டு, நேரில் வரச் சொல்லி 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 131-ஆம் பிரிவில் சம்மன் வந்திருக்கிறது. ரிட்டர்ன் போட்டுத் தருபவர், "நான் போய்ப் பேசிக்கொள்கிறேன், அப்பா வர வேண்டாம்" என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
- ஒரு மகள், காவேரிப்பட்டணம்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. பிரமாணம் எடுக்கச் சொல்லி விசாரிக்கக் கூப்பிட்டால் அப்பாவேதான் போக வேண்டும். மற்ற விஷயங்களுக்குப் பிரதிநிதியை அனுமதிக்கும் அதே சட்டத்தின் 288-ஆம் பிரிவு, இதற்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. போகாமல் இருந்தால் ஒவ்வொரு முறைக்கும் 10,000 ரூபாய் அபராதம் வரலாம்.

கடிதம் உண்மையானதா என்பதை இன்றைக்கே பாருங்கள். 2019 அக்டோபர் முதல் துறையின் கடிதங்களில் 'டின்' என்ற அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் லாகின் செய்யாமலே அதைச் சரிபார்க்கலாம்.

மண்டிக் கணக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 38 லட்சமும் அப்பாவின் வருமானம் அல்ல. அவருடையது கமிஷன் மட்டும். ஆனால் அதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். விவசாயி பெயர், லோடு, எடை, விலை, பிடித்த கமிஷன், கொடுத்த தொகை எழுதிய பட்டியல் புத்தகம், எடைச் சீட்டு, மாங்கூழ் ஆலை அனுப்பிய பணம் இருந்தால் அதன் வங்கி வரவு, எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். விடுபட்டதற்கு இப்போது பழைய தேதி போட்டு ஒரு சீட்டும் எழுத வேண்டாம். வரிப் பிரச்சினை அத்தோடு கிரிமினல் வழக்காகிவிடும்.

இந்தக் கணக்கைத் தயார் செய்ய ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் வேண்டும். நம் ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லாரையும் ஆடிட்டர் என்கிறோம், அதனால் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ.யின் உறுப்பினர் எண்ணைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "ஆபீஸில் ஆள் இருக்கிறது, கொடுத்துச் சரிசெய்யலாம்" என்று பேசுபவரிடம் ஒரு காகிதமும் தராதீர்கள்.

கணக்கில் மறைத்த தொகை ஏதாவது இருக்கிறது என்று அப்பா தயங்கினால், ஆடிட்டருக்கு முன்பே வரி வழக்கு நடத்தும் வக்கீலைப் பாருங்கள். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடாமல் இருக்கச் சாட்சியச் சட்டம் காப்பளிக்கிறது. ஆடிட்டருக்கு அந்தக் காப்பு கிடையாது, கேட்டால் அவர் சொல்லியாக வேண்டி வரலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

விசாரணை நாளில் அப்பா களைத்துப்போய், "ஆமாங்க, எல்லாம் நான் போட்ட பணம்தான்" என்று சொல்லிவிடக் கூடும். அவர் மனதில் நினைப்பது வேறு. வாக்குமூலத்தில் பதிவது வேறு: வங்கியில் போட்டவர் மட்டுமல்ல, பணமே அவருடையது என்று ஆகிவிடும். நினைவில்லாததை நினைவில்லை, புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் தமிழில் படித்துச் சொல்லக் கேட்டு, தவறைத் திருத்திய பிறகே கையெழுத்து. நகல் கேட்டும் எழுதிக் கொடுங்கள். அப்பாவுடன் வக்கீலும் போகலாம், உள்ளே உட்கார விடுவது அதிகாரியைப் பொறுத்தது.

ஆள் தேட நேரம் போதவில்லை என்றால், சம்மனில் உள்ள தேதிக்கு முன்பே காரணம் சொல்லி அவகாசக் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.