ஆழம் பார்த்தீர்களா? – மேட்டு நில மண் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரம்பலூர், அரியலூர் மானாவாரி மேடுகளிலிருந்து வந்தவை. வழக்கம்போல் பாதிப் பேர் மண்ணின் ஆழத்தை எழுதவில்லை.

கேள்வி (ஆலத்தூர் வட்டம்): ஓர் அடி தோண்டியதும் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் தட்டுத் தட்டாகக் கல் வருகிறது. கையால் நொறுக்க முடிகிறது. இதை மண் என்பதா, பாறை என்பதா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உங்கள் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அன்று படிந்த நுண்வண்டலும் களியும் இறுகிக் கல்லாகி, இப்போது மீண்டும் உதிர்கின்றன. காரை ஊர்ப் பக்கத்து ஓடைகளில் இறங்கிப் பார்த்தால் அந்த அடுக்குகள் வெட்டுமுகமாகவே தெரியும். உலர்ந்த சில்லு ஒன்றைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளரில் போடுங்கள். ஓரங்களில் குமிழி விட்டு, சிறிது நேரத்தில் இதழ் இதழாகப் பிரிந்தால் நல்ல சிதைவு. மறுநாளும் அப்படியே கிடந்தால் அது இன்னும் கல்தான். மண்வெட்டி இறங்கினால் மண் கணக்கு, கடப்பாரை கேட்டால் பாறைக் கணக்கு.

வேரைப் பொறுத்தவரை விரிசல்தான் வழி. ஒரு சாண் அகலத்துக்குள் இரண்டு விரிசலாவது இருந்தால் துவரை, ஆமணக்கு வேர் எப்படியாவது இறங்கிவிடும். மக்காச்சோள வேர் பெரும்பாலும் பாறைமேல் படுத்துக்கொள்ளும்.

கேள்வி: மக்காச்சோளத்துக்கு நன்றாகத் தண்ணீர் விடுகிறேன். ஆனாலும் ஐந்தாம் நாள் வாடுகிறது. என்ன நோய்?

நோய் ஒன்றும் இல்லை. வண்டல் மிகுந்த மண் 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 17 மி.மீ. நீரைப் பயிருக்குக் கொடுக்கும். உங்களுக்கு இருப்பது 30 செ.மீ. அப்படியானால் 50 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு சில்லு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதி 35. பூக்கும் பருவத்தில் ஒரு நாள் செலவு ஐந்து, ஆறு மி.மீ. மூன்று நாளில் கையிருப்பில் பாதி தீர்ந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் வாடாமல் என்ன செய்யும்? ஒரே தடவையில் மடை திறந்து நிரப்பினாலும் 35-க்கு மேல் போனது உங்களுடையது அல்ல. குறைவாக, அடிக்கடி விடுங்கள். சொட்டுநீர் அமைக்க முடிந்தால் இங்குதான் அதற்கு அர்த்தம் உண்டு. மண்ணின் ஆழத்தைப் பார்க்காமல் பாசன இடைவெளி சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: மண் பரிசோதனை அறிக்கையை இணைத்துள்ளேன். என்ன பயிர் வைக்கலாம்?

ஊர் எது? சரிவு எவ்வளவு? ஆழம்? பாசனம் உண்டா? தழை, மணி, சாம்பல் சத்துகளும் கார அமில நிலையும் மட்டும் அறிக்கையில் உள்ளன. அவை ஒரு சாண் மண்ணுக்கும் பொருந்தும், ஆறு அடி மண்ணுக்கும் பொருந்தும். வயலில் ஐந்து இடத்தில் குழி எடுத்து, பாறை தட்டும் ஆழத்தை அளந்து மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: நிலக்கடலையில் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. இரண்டு தடவை யூரியா போட்டும் மாறவில்லை.

மாறாது, நிறுத்துங்கள். அது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு கலந்த படிவுப் பாறை மண்ணில் சகஜம். 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

கேள்வி: எங்கள் 60 மீட்டர் நீள வயல் லேசான சரிவு. பொக்லைன் வைத்து ஒரே மட்டமாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா? மண் ஆழம் ஓர் அடி.

இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் எப்போதும் கேட்டுவிடுகிறார். ஆழத்தை எழுதியதற்கு நன்றி. அதனால்தான் கணக்குப் போட்டுக் காட்ட முடிகிறது.

லேசான சரிவு என்றால் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டருக்கு 120 செ.மீ. இறக்கம். மட்டமாக்க வேண்டுமானால் மேல் ஓரத்தில் 60 செ.மீ. வெட்டிக் கீழ் ஓரத்தில் 60 செ.மீ. கொட்ட வேண்டும். உங்களிடம் இருப்பதோ 30 செ.மீ. மண். ஆக மேல்பக்கம் 15 மீட்டர் அகலத்துக்குப் பாறை வெளியே வந்துவிடும். அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. இயந்திரம் முதலில் அள்ளுவது மேல்மண்ணை, கடைசியில் அள்ளுவது சிதைந்த கல்லை. முதலில் அள்ளியது பள்ளத்தின் அடியில் போகும், கடைசியில் அள்ளியது அதன் தலைமேல் உட்காரும். மேட்டிலும் கல், பள்ளத்திலும் கல், நடுவில் உங்கள் பாட்டன் எருவடித்த மண் புதைந்து கிடக்கும். பார்வைக்கு மட்டும் வயல் மேசை போல அழகாக இருக்கும்.

பொக்லைன்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் மணிக்கணக்குக்கு வேலை செய்கிறார். குழி தோண்டிப் பார்க்காமல் 'மட்டமாக்கிவிடுங்கள்' என்று ஆலோசனை சொல்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். ஓர் ஏக்கரில் ஒரு செ.மீ. மேல்மண் ஏறக்குறைய 55 டன். அதை எருவாக வாங்கிப் போட்டு ஈடு செய்ய முடியுமா?

செய்ய வேண்டியது வேறு. சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு ஒன்று வீதம் சமஉயர வரப்பு போதும். அதன்மேல் வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். ஓடிவரும் நீர் அங்கே தயங்கி வண்டலை விட்டுவிட்டுப் போகும். சில ஆண்டுகளில் வரப்பின் மேல்பக்கம் தானாக உயர்ந்து, வயலின் சரிவு படிப்படியாகத் தணியும். நுண்வண்டல் எளிதில் கரைந்து ஓடும் மண், ஆகவே கோடை உழவை மேலிருந்து கீழாக ஓட்டாதீர்கள். இதை முன்பும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

பொக்லைன் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றால் கொழிஞ்சியும் கொள்ளும் விதையுங்கள். நல்ல பயிரை இரண்டு மூன்று ஆண்டுகள் மறந்துவிடுங்கள்.

கேள்வி: விதைத்த பிறகு ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே பொருக்குக் கட்டுகிறது. முளை வெளியே வரவில்லை.

வண்டல் மிகுந்து மட்கு குறைந்தால் அப்படித்தான். ஹெக்டேருக்கு 10 டன் தொழு உரமும் 2 டன் ஜிப்சமும் பொதுவான பரிந்துரை. அவசரத்துக்கு, காலையில் லேசாக நீர் தெளித்துப் பொருக்கை இளக்குங்கள். சிறு சில்லுகளைப் பொறுக்கி எறியாதீர்கள். மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்வது அவைதான். கைமுஷ்டி அளவுக்கு மேல் இருப்பதை மட்டும் எடுத்து வரப்பில் போடுங்கள்.

கேள்வி (காரை அருகே): எங்கள் மண்ணிலேயே ஜிப்சம் நரம்பு நரம்பாக இருக்கிறது. உப்பளவு (மின்கடத்து திறன், EC) 2 என்று வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஜிப்சம் மட்டுமே அவ்வளவு காட்டும். நாலைத் தாண்டினால் எழுதுங்கள். கடையில் ஜிப்சம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஏரி வண்டல் அடித்தால் ஆழம் கூடுமா?

புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் எடுக்க அனுமதி உண்டு. பரப்பினால் இரண்டு செ.மீ. கனம், பயிருக்கு அரை நாள் முதல் ஒரு நாள் தண்ணீர். கொஞ்சம்தான், ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். களி அதிகமுள்ள வண்டலாகப் பார்த்து எடுங்கள். லாரி வாடகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: பாறையில் மூன்றடிக் குழி வெட்டி மா நட்டேன். மழைக்குப் பின் அழுகிவிட்டது.

குழியில் நீர் தேங்கியிருக்கிறது. நடும் முன்பே குழி நிறைய நீர் ஊற்றி, மறுநாளும் நின்றால் சரிவுப் பக்கம் வடிகால் வெட்டியிருக்க வேண்டும். இனி சீத்தா, இலந்தை, நெல்லி.

கேள்வி (கிருஷ்ணகிரி): பெரம்பலூர் பக்கத்து மண்ணுக்குச் சென்ற முறை நீங்கள் சொன்னதெல்லாம் எங்கள் சரளைச் செம்மண்ணுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. உங்கள் பாறை வேறு, மண் பருமணல், நீரை இன்னும் குறைவாகப் பிடிக்கும். ஆழம் எவ்வளவு என்று எழுதுங்கள், பிறகு பேசலாம்.