என் கல்வித் தத்துவம் எது? பயிற்சி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கல்வியியல் கல்லூரியில் 31 ஆண்டுகள் தத்துவ அடிப்படைகள் தாள் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது பி.எட். முதலாண்டு அசைன்மென்ட் எழுதும் காலம். கேட்க நினைத்ததைக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பி.எட். முதலாண்டு மாணவி, திண்டுக்கல்: மேடம், "என் கல்வித் தத்துவம்" என்று மூன்று பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கொள்கையிலும் நல்லது இருக்கிறதே. ஒவ்வொன்றிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொள்வேன் என்று எழுதலாமா?

வேண்டாம்மா. வருஷத்துக்கு நூறு தாள் திருத்தினால் எண்பதில் இதே வரிதான் இருக்கும். அது ஏன் போதாது என்று ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையில் ½ + ⅓ = ⅖ என்று எழுதுகிறான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். நீங்கள் என்ன செய்வீர்கள்?

எசென்ஷியலிசம், அதாவது அடிப்படைத் திறன்களை ஒழுங்காகக் கைமாற்றிக் கொடுப்பதே பள்ளியின் வேலை என்பவர், அங்கேயே திருத்துவார். பொதுப் பகுதி காணும் முறையைக் காட்டி, பத்துக் கணக்கு கொடுப்பார். செய்து கற்றலை வலியுறுத்திய அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் வழியில் வந்தவர் ஒரு கடலைமிட்டாயைக் கையில் கொடுத்து, "பாதியும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால், அந்தப் பாதியை விடக் குறைவாக வருமா?" என்று கேட்பார். ⅖ என்பது ½ஐ விடச் சிறியது என்பதைப் பையனே பார்க்கட்டும் என்று காத்திருப்பார். பெரெனியலிசத்தில் பிடிப்புள்ளவர், காலத்தால் அழியாத ஓர் உண்மையை இவன் அறிவு தொட வேண்டும், எனவே ஏன் அப்படி என்ற நிரூபணம் முக்கியம் என்பார். சமூகத்தை மாற்றியமைக்கவே பள்ளி என்னும் மறுசீரமைப்புவாதி குத்தகை நிலத்தின் விளைச்சல் எப்படிப் பங்கு பிரிகிறது என்ற கணக்கிலிருந்து பின்னத்தைத் தொடங்குவார். தனிமனிதனின் அனுபவத்தையும் தேர்வையும் முன்வைக்கும் இருத்தலியலில் ஊறியவருக்கு விடையை விட, நாற்பது பேர் முன்னால் தவறாக எழுதிவிட்டு நிற்கும் அந்தப் பையன்தான் முதலில் கண்ணில் படுவான்.

ஒரு பீரியடுக்கு நாற்பது நிமிஷம்தான். ஐந்தையும் செய்ய முடியாது. மறுநாள் பாடப்பகுதி முடியவில்லை என்று தலைமையாசிரியர் கேட்பார். அப்போது எதை விடுவீர்கள், எதை விடவே மாட்டீர்கள்? அதை எழுதுங்கள். அதற்கு எந்தக் கொள்கையின் பெயர் பொருந்துகிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி ஆசிரியர், தஞ்சாவூர்: ஐடியலிசம் என்றால் உயர்ந்த லட்சியங்களோடு கற்பிப்பதுதானே?

இல்லை தம்பி. பரீட்சைத் தாள்களில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான். அந்தச் சொல் "ஐடியா"விலிருந்து வருகிறது, லட்சியம் என்ற பொருளிலிருந்து வரவில்லை. நாம் பார்க்கிற மேசையும் மரமும் மாறி அழிபவை. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கருத்துருதான் உண்மையானது என்றார் பிளேட்டோ. அவருடைய குகைக் கதையில், பிறந்தது முதல் சுவரைப் பார்த்தபடி கட்டப்பட்டிருப்பவர்கள் நிழல்களையே உலகம் என்று நம்புகிறார்கள். ஒருவனை வெளிச்சத்துக்குத் திருப்பும்போது அவனுக்குக் கண் கூசுகிறது, வலிக்கிறது. கல்வி என்பது அந்தத் திருப்புதல்தான் என்கிறார். கண் இல்லாதவனுக்குக் கண் வைப்பது அல்ல, இருக்கிற கண்ணைத் திருப்புவது. இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் ஐடியலிஸ்ட் ஏன் பாடப்பொருளுக்கும் ஆசிரியருக்கும் அவ்வளவு மதிப்பு கொடுக்கிறார் என்பது விளங்கும். கொள்கையின் தமிழ்ப் பெயரை வைத்துப் பொருளை ஊகிக்காதீர்கள். "கருத்துக் கொள்கை", "இலட்சியவாதம்" என்று புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறும்.

முதுகலைப் பட்டதாரி, மதுரை: டி.ஆர்.பி. தேர்வுக்கு முக்கியமான தத்துவ அறிஞர்கள் பட்டியல் கிடைக்குமா?

பழைய வினாத்தாள்களைப் பாருங்கள். இங்கே அதற்கு நேரம் எடுக்க வேண்டாம்.

பி.எட். மாணவி, நாகர்கோவில்: ரூசோவின் இயற்கைவாதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. குழந்தையைக் குழந்தையாக விட வேண்டும் என்று எழுதப் போகிறேன்.

பிடிக்கட்டும், எனக்கும் பிடிக்கும். குழந்தை என்பது சின்ன உருவத்திலுள்ள பெரியவர் இல்லை என்று 1762இலேயே "எமில்" என்ற நூலில் எழுதியவர். அதற்காகப் பாரிஸில் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள். ஆனால் கடைசி அத்தியாயம் வரை போங்கள். அங்கே நூலின் நாயகனான எமில் என்ற பையனுக்கு மனைவியாக வரப்போகும் சோஃபி என்ற பெண்ணின் கல்வியைப் பேசுகிறார். ஆணுக்குப் பிடித்தபடி, ஆணுக்குப் பயன்படும்படி பெண்ணை வளர்க்க வேண்டும் என்கிறார். எமிலுக்குக் கொடுத்த சுதந்திரம் அவளுக்கு இல்லை. முப்பது ஆண்டு கழித்து, 1792இல் பெண்ணுரிமைக்காக எழுதிய ஆங்கில எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். நம் வழிகாட்டி நூல்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கைடோடு நிற்காதீர்கள். மூலத்தில் பத்துப் பக்கமாவது படியுங்கள்.

பி.எட். இரண்டாமாண்டு, ஈரோடு: காந்தியின் ஆதாரக் கல்வியும் டூயியின் செய்து கற்றலும் ஒன்றுதான் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். சரியா மேடம்?

நல்ல கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். 1896இல் டூயி சிகாகோவில் தொடங்கிய பள்ளியில் குழந்தைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், தச்சுவேலை செய்தார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி, கைத்தொழில் என்று முடிவு செய்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் எழுதியது.

ஆனால் டூயியின் பள்ளியில் நெய்த துணி விற்பனைக்கு இல்லை. நூல் எங்கிருந்து வந்தது, பஞ்சிலிருந்து கொட்டையை எடுப்பது ஏன் கஷ்டம், மனிதர்கள் எப்படி இதைக் கண்டுபிடித்தார்கள் என்ற விசாரணைக்கு அது ஒரு வாசல். காந்திக்கோ பொருள் விலைபோக வேண்டும், அதில் ஆசிரியர் சம்பளம் வர வேண்டும். ஏழை நாட்டில் பள்ளி தன் காலில் நிற்க வேண்டும் என்பது அவருடைய கவலை. உடலுழைப்பைக் கேவலமாக நினைக்கும் படித்தவர்களின் மனத்தை மாற்றுவதும் அவர் நோக்கம்.

அப்புறம் நம் ஊரில் நடந்ததையும் சேர்த்து எழுதுங்கள். 1953இல் ராஜாஜி, சென்னை மாகாணத்துக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். தொழில் சாதியோடு ஒட்டியிருக்கும் நாட்டில், வண்ணார் பிள்ளைக்கு வெளுப்பதும் முடிதிருத்துபவர் பிள்ளைக்குக் கத்தி பிடிப்பதும்தான் பாடமா என்று மக்கள் கேட்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. பெரியாரும் தி.மு.க.வும் போராடினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். "கையால் செய்து கற்றல்" என்ற ஒரே வாசகம் சிகாகோவில் ஒரு பொருளும் இங்கே வேறொரு பொருளும் தருகிறது. எந்தப் பிள்ளை, யாருடைய தொழிலை, யார் சொல்லிக் கற்கிறது என்று கேட்காமல் ஒரு கொள்கையை ஏற்காதீர்கள். நான் டூயியை நேசிப்பவள். இருந்தாலும் இந்த எச்சரிக்கையை விடமாட்டேன்.

பயிற்சி ஆசிரியர், கடலூர்: எல்லாக் கொள்கைகளையும் கலந்து பயன்படுத்துவேன் என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

திண்டுக்கல் மாணவிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பொறியியல் முடித்துப் பி.எட். சேர்ந்தவர், சேலம்: மனப்பாடம் செய்ய வைப்பது பழைய கொள்கை. டூயி, பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்னும் கட்டமைப்புவாதம் எல்லாம் வந்த பிறகும் வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம்தானே?

அநியாயம் இல்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவில் நின்றால்தான் வகுத்தல் கணக்கில் பிள்ளை யோசிக்க வேண்டியதை யோசிக்கும். இல்லாவிட்டால் பெருக்கலிலேயே தடுமாறி நிற்கும். டூயியே 1938இல், தன் 78ஆம் வயதில், பழையதை எல்லாம் தூக்கி எறிவதே முற்போக்கு என்று நினைத்த தன் ஆதரவாளர்களைக் கண்டித்து எழுதினார்.

சேலம்: மேடம், மன்னிக்கணும். பத்தாம் வகுப்பில் நான் தேற்றங்களை, கணக்குகளைக்கூட எண் மாறாமல் மனப்பாடம் செய்து எழுதினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பொறியியலில் முதல் ஆண்டே நான்கு அரியர். வாய்ப்பாட்டில் தொடங்குவது அங்கேதான் போய் முடிகிறது.

உங்கள் வலி நியாயமானது தம்பி. கணக்கையே மனப்பாடம் செய்ய வைத்தது கல்வியே இல்லை. ஆனால் அங்கே தவறு நினைவில் இல்லை. புரிதல் வர வேண்டிய இடத்தில் நினைவை உட்கார வைத்ததில் இருக்கிறது.

தமிழாசிரியர், திருநெல்வேலி: ஒன்று சேர்க்கலாமா அம்மா? எட்டாம் வகுப்பில் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த குறள் எனக்கு நாற்பது வயதில் புரிந்தது. அன்று உள்ளே போகாமல் இருந்திருந்தால் இன்று எதைப் புரிந்துகொள்வேன்?

தொடக்கப் பள்ளி ஆசிரியை, விருதுநகர்: பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். அட்டை, ஏணிப்படி, தாழ்வான கரும்பலகை, பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்த ஆசிரியர். பயம் போனது உண்மை. கூச்சப்பட்ட பிள்ளைகள்கூட அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து பாடிச் சொல்லும் நேரம் குறைந்தது. வாய்ப்பாட்டை நான் மாலையில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சேலம்: அந்தக் கூட்டு ஒப்பித்தல்தானே திண்ணைப் பள்ளி! அதிலிருந்து வெளியே வரத்தானே இவ்வளவும்?

திண்ணைப் பள்ளியை ஒப்பித்தல் என்ற ஒரு சொல்லில் அடைக்க வேண்டாம். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். அது பலித்தது. 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. மூத்த மாணவன் மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கும் நம் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய உறவு. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லித்தருவதை இன்று சகமாணவர் கற்றல் என்று பயிற்சி வகுப்பில் புதிதாகச் சொல்கிறோம். அதே முறை அங்கே போய், ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒப்பிக்க வைக்கும் சிக்கன வழியாகவும் மாறியது. ஆக, முறை ஒன்று, அது யார் கையில் என்ன நோக்கத்தோடு இருக்கிறது என்பது வேறு.

திருநெல்வேலி ஐயா சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். குறள், பாட்டு, வாய்ப்பாடு மூன்றும் நாவில் நிற்கட்டும். ஆனால் ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையை வெளியே நிறுத்தியதும் அதே மரபுதான். நாற்பது வயதில் புரிந்துகொள்ள, அந்தப் பிள்ளை அதுவரை பள்ளியில் இருந்திருக்க வேண்டுமே. விருதுநகர் அம்மா செய்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பயத்தை எடுத்தார், வாய்ப்பாட்டை விடவில்லை. சேலம் தம்பி, உங்கள் நான்கு அரியர் கதையை அப்படியே அசைன்மென்டின் முதல் பத்தியாக எழுதுங்கள்.

பி.எட். மாணவி, கோவை: மாண்டிசோரி தத்துவமா, முறையா?

இரண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தார், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். அவர் எழுதியதைப் படியுங்கள். மரக்கட்டைச் சாமான்களை மட்டும் வாங்கி வைத்தால் மாண்டிசோரி ஆகாது.

பி.எட். மாணவர், வேலூர்: கலவைக் கொள்கைதான் சிறந்தது என்று...

மூன்றாவது முறை. மேலே பாருங்கள், தம்பி.

பயிற்சி ஆசிரியை, தருமபுரி: பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயிரே எங்கள் பாடத்தில் நான்கு வரிதான். முதியோர் கல்விக்கு மட்டும்தான் பொருந்துவாரா?

அவர் தொடங்கியது அங்கே. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு. அகரவரிசையில் தொடங்காமல் அவர்கள் வாழ்க்கைச் சொற்களில் தொடங்கினார். "செங்கல்" என்ற சொல்லை வைத்து முதலில் பேச்சு: யார் கட்டுகிறார்கள், யார் குடியிருக்கிறார்கள்? பிறகு அதை அசைகளாகப் பிரித்துப் புதிய சொற்கள். 1964இல் ராணுவம் ஆட்சிக்கு வந்ததும் அவரைச் சிறையில் போட்டது, பிறகு நாட்டை விட்டுப் போனார். உங்கள் வகுப்புக்கு அவர் கேட்கும் கேள்வி எளிமையானது. நீங்கள் போடும் பணத்தை வாங்கிவைக்கும் வங்கியா பிள்ளை? உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் வீட்டில் எந்தச் சொல் தினமும் புழங்குகிறது? அதில் ஒரு பாடம் தொடங்கிப் பாருங்கள்.

பட்டதாரி, சென்னை: பி.எட். முடித்தால் தனியார் பள்ளியில் சம்பளம் எவ்வளவு வரும்?

என் துறை இல்லை. வேலையில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

பயிற்சி ஆசிரியர், அரியலூர்: கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் "குறிப்பைச் சொல்லி எழுத வையுங்கள், அது போதும்" என்கிறார். எங்கள் கல்லூரியோ செயல்பாடு கேட்கிறது. நாளை ஏழாம் வகுப்பு அறிவியல், ஒளி. என்ன செய்ய?

அவரோடு சண்டை போட வேண்டாம். அவர் வகுப்பு, அவர் பாடத்தை முடித்தாக வேண்டும். முதல் எட்டு நிமிஷம் மட்டும் கேளுங்கள். ஒரு சமதள ஆடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். ஜன்னலைச் சாத்தி, ஆடியில் ஒளி அடிக்கும் முன், சுவரில் எங்கே விழும் என்று ஒவ்வொருவரையும் விரல் நீட்டச் சொல்லுங்கள். பலர் தவறான இடத்தைக் காட்டுவார்கள், அதுதான் வேண்டும். விழுந்த இடத்தைப் பார்த்த பிறகு "படுகோணம்", "எதிரொளிப்புக் கோணம்" என்ற சொற்களைச் சொல்லி, மிச்ச நேரம் குறிப்பை எழுத வையுங்கள். எத்தனை பேர் எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று குறித்து வைத்து, நாளை மாலை எனக்கு எழுதுங்கள் தம்பி.