குளக்கட்டு யாருக்கு?

அன்புள்ள அண்ணா,

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் குளக்கட்டில் ஊஞ்சல், இருக்கை எல்லாம் போட்டுப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். குளம் நிரம்பி, மிகைநீர் வழியும் வான் பாயத் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் திரளும். இப்போது இயந்திரப் படகு விடவும் பேச்சு அடிபடுகிறது. குளத்துக்குள் நிற்கும் பட்டமரங்களில் கூடுகட்டும் நாரைகள் இதைத் தாங்குமா? பேசாமல் வேலி போட்டு அடைத்துவிடலாம் என்றே எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புள்ள தம்பி,

வேலி வேண்டாம். சொந்தக் காணிக்குள் கால் வைக்கவே வருடக்கணக்காகக் காத்திருந்த சனம் இது. புதிதாக எல்லைக்கல் ஒன்றைக் கண்டால் ‘இதுவும் போச்சோ’ என்றுதான் கேட்கும். அந்தப் பயம் இருக்கும்வரை நாரைக்காக யார் பேசுவார்கள்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காசில்லாமல் காற்று வாங்க, வன்னியில் குளக்கட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளமும் சரணாலயம்தான். அந்தத் தண்ணீரில்தான் வயலும் விளைகிறது.

ஆனால் உங்கள் கவலை நியாயமானது. மாரியில் குளம் வான் பாய்வதும், மார்கழி விடுமுறையும், பொங்கலும், நாரையும் நீர்க்காகமும் அடைகாப்பதும் ஒரே காலத்தில் வந்து விழுகின்றன. படகு மரத்தை நெருங்கினால் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும். அதற்குள் காகம் இறங்கிவிடும். அந்தக் காகத்தை அங்கே கூப்பிட்டது நாங்கள் எறிந்த சோற்றுப் பார்சல். மத்தியானம் கழிய வானடிக்குப் போய்ப் பாருங்கள், சோறு சுற்றிய லஞ்ச் சீற்றில் ஒட்டிய பருப்புச் சோற்றுக்கு நாயும் காகமும் அடிபடும். தூண்டில்காரர் அறுத்துவிட்ட தங்கூசி நூல், அந்த நைலோன் நரம்பு, இன்னொரு கொடுமை. போன மாரியில் மருதமரக் கிளையில் கால் சிக்கி ஒரு நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கியதைக் கண்டேன். ஒரு சிறகு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டாத உயரம்.

ஆகவே இடத்தைப் பிரிப்போம். கட்டும் வானடியும் சனத்துக்கு. கட்டுக்கு எதிரே நீர் பரவும் அலைகரையும் பட்டமரங்களும் பறவைக்கு. இயந்திரப் படகு வேண்டவே வேண்டாம். துடுப்புப் படகென்றாலும் கார்த்திகையிலிருந்து பங்குனி வரை மரப்பக்கம் போகக்கூடாது. குப்பைத்தொட்டிக்கு மூடி இருக்கவேண்டும், ஞாயிறு பின்னேரமே பிரதேச சபை அதை அள்ளவேண்டும். திங்கள் வரை விட்டால் இரவில் நாய் இழுத்துவிடும்.

நன்னீர் மீனவர் சங்கத்திடம் முதலில் பேசுங்கள். தினமும் குளத்தில் இறங்குகிறவர்கள் அவர்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பதும் தெரியும், மிதவை கட்டி எல்லை காட்டவும் தெரியும். அப்புறம் வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்பு. இரண்டு தரப்பும் ஒப்பமிட்ட கடிதத்தைப் படகு விடயம் முடிவாகும் முன்பே பிரதேச சபையில் கொடுத்துவிடுங்கள். கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், நானும் வருகிறேன்.